புரோஜெஸ்டரோன் யாரிடம் பேசுகிறது? கருப்பையின் எதிர்ப்புச் செல்களும் ஹார்மோன்களும்

மாதவிடாய் முடிந்த இரண்டொரு நாளில் ஒரு பெண்ணின் கருப்பை உட்சுவரிலிருந்து சிறு திசுத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். அதே பெண்ணிடம் அடுத்த மாதவிடாய்க்குச் சில நாட்கள் முன்பு எடுத்த துணுக்கில் அவை சுரப்பிகளைச் சுற்றியும் இரத்தக் குழாய்களை ஒட்டியும் திரண்டு நிற்கும். இடைப்பட்ட நாட்களில் அவருக்குக் காய்ச்சல் இல்லை, கிருமித் தொற்று இல்லை, காயம் எதுவும் இல்லை. தோலிலோ நுரையீரலிலோ எதிர்ப்புச் செல்கள் திடீரென்று பெருகினால் ஏதோ ஒன்று உள்ளே நுழைந்திருக்கிறது என்று பொருள். கருப்பையில் மட்டும் அவை நாள் பார்த்து வருகின்றன, நாள் பார்த்துப் போகின்றன. அந்த நாளைக் குறிப்பவை சினைப்பை சுரக்கும் இரண்டு ஹார்மோன்கள்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன்.

"பெண் ஹார்மோன்கள் நோய் எதிர்ப்பை அடக்கிவிடுகின்றன, அதனால்தான் கரு தப்பிப் பிழைக்கிறது" என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க எளிதாக இருப்பதாலேயே அது நிலைத்துவிட்டது. ஆய்வுகள் காட்டும் படம் வேறு. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கருப்பை உட்சுவரில் எதிர்ப்புச் செல்கள் குறைவதில்லை. அவ்வளவு கூட்டம் அந்த இடத்தில் வேறெப்போதும் இருப்பதில்லை. அவை உறங்குவதும் இல்லை. ஹார்மோன்கள் அவற்றின் வேலையை மாற்றுகின்றன. அதையும் பெரும்பாலும் நேரடியாகச் செய்வதில்லை, கருப்பைத் திசுவை இடையில் வைத்துச் செய்கின்றன. இந்த ஒரு விவரம் புரிந்தால் மற்றவை பலவும் தெளிவாகும்.

முதலில் சுழற்சி

28 நாள் சுழற்சியை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். முதல் பாதியில் சினைப்பையில் வளரும் கருமுட்டைப் பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அதன் முதன்மை வடிவம் ஈஸ்ட்ராடையால். மாதவிடாயில் உதிர்ந்துபோன உட்சுவர் மீண்டும் தடிக்கிறது. கருமுட்டை வெளியேறியதும் காலியான பை மஞ்சள் உடலமாக மாறிப் புரோஜெஸ்டரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. கரு பதியாவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் மஞ்சள் உடலம் சுருங்கிவிடும். இரண்டு ஹார்மோன்களும் சரியும், உட்சுவரின் மேல் அடுக்கு உதிரும், அடி அடுக்கு மட்டும் மிஞ்சி அடுத்த மாதத்துக்கு விதையாக இருக்கும்.

இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. கருப்பைச் செல்களில் புரோஜெஸ்டரோன் ஏற்பிகளை, அதாவது அந்த ஹார்மோனின் செய்தியைப் பிடிக்கும் புரதங்களை, உருவாக்கச் செய்வதே ஈஸ்ட்ரோஜன்தான். முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால், இரண்டாம் பாதியில் எவ்வளவு புரோஜெஸ்டரோன் வந்தாலும் அதைக் கேட்க ஆளிருக்காது.

ஏற்பி இல்லாத செல்

கருமுட்டை வெளியேறிய பின் கருப்பையில் பெருகும் எதிர்ப்புச் செல்களில் முதலிடம் ஒரு வகை என்.கே. செல்லுக்கு. பாடநூல்கள் இயற்கைக் கொல்லி செல் என்று குறிப்பிடும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஆனால் இரத்தத்தில் ஓடும் என்.கே. செல்லும் கருப்பையில் உட்கார்ந்திருக்கும் என்.கே. செல்லும் ஒன்றல்ல. இரத்தத்தில் உள்ளவற்றில் சுமார் 90 சதவீதம், வைரஸ் தொற்றிய செல்லையோ புற்றுநோய்ச் செல்லையோ கண்டால் துளைத்துக் கொல்லும் இயல்புடையவை. அவற்றின் மேற்பரப்பில் சி.டி.16 என்ற புரதம் இருக்கும். கருப்பையில் உள்ளவற்றில் அந்தப் புரதம் பெரும்பாலும் இல்லை, சி.டி.56 என்ற வேறொரு புரதம் மிக அதிகமாக இருக்கிறது. வயிறு நிறையக் கொல்லும் புரதத் துகள்களைச் சுமந்துகொண்டிருந்தும் இவை எளிதில் கொல்வதில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருப்பை உட்சுவரில் உள்ள வெள்ளை அணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான்.

இவை பெருகுவது புரோஜெஸ்டரோன் உயரும் நாட்களில். ஆகவே புரோஜெஸ்டரோன் இவற்றைத் தொட்டு எழுப்புகிறது என்று நினைப்பது இயல்பு. சோதித்துப் பார்த்தபோது ஆய்வாளர்களுக்குக் கிடைத்த விடை வேறாக இருந்தது: இந்தச் செல்களில் புரோஜெஸ்டரோன் ஏற்பியே இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் பீட்டா வகை இருக்கிறது, கார்டிசால் போன்ற ஹார்மோன்களுக்கான குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி இருக்கிறது. புரோஜெஸ்டரோனுக்கு உரியது மட்டும் இல்லை.

அப்படியானால் செய்தி எப்படிப் போகிறது? சுரப்பிகளுக்கு இடையே நிரம்பியிருக்கும் ஸ்ட்ரோமா செல்கள் வழியாக. இவற்றில் புரோஜெஸ்டரோன் ஏற்பிகள் ஏராளம். புரோஜெஸ்டரோன் வந்து சேர்ந்ததும், நீண்டு மெலிந்திருந்த இந்தச் செல்கள் உருண்டு பருத்து, புதிய புரதங்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. மருத்துவத்தில் இந்த மாற்றத்துக்கு டெசிடுவா ஆதல் என்று பெயர். அப்படி மாறிய செல்கள் சுரப்பவற்றில் முக்கியமானது இன்டர்லூகின்-15, சுருக்கமாக ஐ.எல்-15. என்.கே. செல்கள் வளரவும் பெருகவும் உயிரோடிருக்கவும் இது வேண்டும். ஐ.எல்-15 மரபணு நீக்கப்பட்ட எலிகளின் கருப்பையில் இந்தச் செல்கள் உருவாவதே இல்லை. புரோஜெஸ்டரோன் வீட்டுக்காரரிடம் சொல்கிறது, வீட்டுக்காரர் விருந்தாளிகளுக்குச் சமைக்கிறார் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சுற்றுவழியில் ஒரு பயன் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரத்தத்தில் கலந்த ஹார்மோன் உடல் முழுக்கப் போகிறது. விரல் நுனிக்கும் அதே புரோஜெஸ்டரோன்தான். என்.கே. செல்கள் நேரடியாக அதற்குக் கட்டுப்பட்டால், மாதத்தில் இரண்டு வாரம் உடல் முழுவதும் அவற்றின் நடத்தை மாற வேண்டியிருக்கும். ஸ்ட்ரோமாவை இடையில் வைத்துவிட்டால் மாற்றம் கருப்பையோடு நின்றுவிடும்.

கூடிய செல்கள் என்ன செய்கின்றன?

கரு பதிந்ததும், நஞ்சுக்கொடியாக உருவாகப்போகும் ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் தாயின் திசுவுக்குள் ஊடுருவுகின்றன. அவற்றின் இலக்கு சுழல் தமனிகள். சாதாரண நாட்களில் இந்தத் தமனிகள் குறுகலானவை, தசைச் சுவர் கொண்டவை, சுருங்கி விரியும். கர்ப்பத்துக்கு அது போதாது. தசை கரைந்து, குழாய் அகன்று, தடையில்லாமல் இரத்தம் பாய வேண்டும். ட்ரோபோபிளாஸ்ட் வந்து சேரும் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவைப்பவை கருப்பையின் என்.கே. செல்கள். என்.கே. செல்கள் இல்லாத எலிகளில் சுழல் தமனிகள் சரியாக அகலுவதில்லை. அந்த எலிகளுக்கு இந்தச் செல்களைத் திரும்பக் கொடுத்தபோதோ, அவை சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் செலுத்தியபோதோ தமனிகள் மாறின. ஆன் குரோய் என்ற ஆய்வாளரின் குழு பல ஆண்டுகள் செய்த வேலை இது. மனிதர்களில் இந்தத் தமனிகள் போதுமான அளவு மாறாமல் போவதுதான், கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறும் ப்ரீஎக்லாம்ப்சியாவோடும் கருவின் வளர்ச்சிக் குறைவோடும் தொடர்புபடுத்தப்படுகிறது.

கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மாஃபெட்டின் குழு இதை மரபணு மட்டத்தில் பார்த்தது. ட்ரோபோபிளாஸ்ட் செல்கள், உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சையில் சண்டையை மூட்டும் எச்.எல்.ஏ-ஏ, எச்.எல்.ஏ-பி என்ற அடையாளப் புரதங்களைக் காட்டுவதில்லை. எச்.எல்.ஏ-சி, ஈ, ஜி ஆகியவற்றைக் காட்டுகின்றன. தாயின் என்.கே. செல்களில் உள்ள கே.ஐ.ஆர். என்ற ஏற்பிகள் எச்.எல்.ஏ-சி-யைப் படிக்கின்றன. குறிப்பிட்ட வகை கே.ஐ.ஆர். மரபணுக்கள் கொண்ட தாயும் சி2 வகை எச்.எல்.ஏ-சி கொண்ட கருவும் சேர்ந்தால் ப்ரீஎக்லாம்ப்சியா அபாயம் கூடுகிறது என்று 2004-ல் இக்குழு வெளியிட்டது. அந்தச் சேர்க்கையில் தாயின் செல்களுக்குத் தடுப்புச் சமிக்ஞை அளவுக்கு மீறிக் கிடைக்கிறது. அதாவது என்.கே. செல்கள் அடங்கிக் கிடப்பதே இங்கே சிக்கல். அவை போதுமான அளவு தூண்டப்பட வேண்டும். 'எதிர்ப்பை அடக்கினால் கர்ப்பம் நிலைக்கும்' என்ற வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

கொல்லும் திறனும் வீணாகிவிடவில்லை. டெசிடுவாவாக மாறும் ஸ்ட்ரோமா செல்களில் சில முதிர்ந்து, பிரியாமல், அழற்சிப் பொருட்களைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். என்.கே. செல்கள் அவற்றைத் தேர்ந்தெடுத்து அழிக்கின்றன என்று பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்தில் யான் பிராசென்ஸ் குழு 2017-ல் காட்டியது. 2020-ல் இன்னொரு விந்தை வெளியானது: லிஸ்டீரியா பாக்டீரியா புகுந்த ட்ரோபோபிளாஸ்ட் செல்லுக்குள், மிக மெல்லிய குழாய்கள் வழியாக, கிரானுலைசின் என்ற நச்சுப் புரதத்தை மட்டும் இவை அனுப்புகின்றன. உள்ளே இருக்கும் பாக்டீரியா சாகிறது, கருவின் செல் பிழைக்கிறது.

முந்தைய கர்ப்பத்தின் தடயமும் இவற்றில் தங்குகிறது. ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களின் கருப்பையில், இரத்தக் குழாய் வளர்ச்சியை அதிகம் தூண்டும் ஒரு தனி என்.கே. வகை கூடுதலாக இருப்பதை 2018-ல் ஓர் இஸ்ரேலியக் குழு கண்டறிந்தது. முதல் கர்ப்பத்தில் ப்ரீஎக்லாம்ப்சியா அபாயம் அதிகமாகவும் அடுத்தவற்றில் குறைவாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

டி செல்களின் கதை வேறு

1953-ல் உயிரியலாளர் பீட்டர் மெடவார் ஒரு கேள்வியை எழுப்பினார்: கருவில் பாதி தந்தையுடையது; அந்நியத் தோலை ஒட்டினால் உதறித்தள்ளும் உடல், அந்நியக் கருவை ஒன்பது மாதம் எப்படிச் சுமக்கிறது? அவர் மூன்று விடைகளை முன்வைத்தார்: தாய்க்கும் கருவுக்கும் இடையே உடற்கூறு அளவிலான பிரிவு இருக்கலாம், கருவின் அடையாளங்கள் இன்னும் முதிராமல் இருக்கலாம், தாயின் எதிர்ப்பு மந்தமாகியிருக்கலாம். கேள்வி நிலைத்தது. அந்த வடிவில் மூன்று விடைகளுமே முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை.

அந்நியத் தோலை உதறுபவை முதன்மையாக டி செல்கள். கருப்பையில் அவை குறைவாக இருப்பதற்கு மீண்டும் ஸ்ட்ரோமாவே காரணம் என்பது 2012-ல் ஏட்ரியன் எர்லபாக்கர் குழு எலிகளில் செய்த ஆய்வில் தெரிந்தது. உடலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் அந்தத் திசு சில வேதிச் சமிக்ஞைகளைக் கசியவிட்டு டி செல்களை அழைக்கும். டெசிடுவாவாக மாறிய ஸ்ட்ரோமா செல்களில் இந்த அழைப்பு மரபணுக்களே பூட்டப்பட்டுவிடுகின்றன, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்களில் வேதிக் குறிகள் மாறி, மரபணு படிக்கப்படாமல் போகிறது. டி செல்களின் ஆற்றல் உடலின் மற்ற பகுதிகளில் அப்படியே இருக்கிறது. அவற்றுக்கு முகவரி கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

வந்து சேரும் சிலவற்றைக் கட்டுக்குள் வைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இருக்கின்றன. 2004-ல் எலிகளில் இவற்றை நீக்கியபோது, தந்தைவழி மரபணு வேறுபட்ட கருக்கள் நிராகரிக்கப்பட்டன. மரபணு ஒத்த கருக்கள் தப்பித்தன. ஈஸ்ட்ரோஜன் இந்தச் செல்களைப் பெருக்குவது எலி ஆய்வுகளில் தெரிந்தது. பெண்களின் இரத்தத்திலும் கருமுட்டை வெளியேறுவதற்குச் சற்று முன், ஈஸ்ட்ராடையால் உச்சத்தில் இருக்கும்போது, இவற்றின் எண்ணிக்கை கூடுகிறது. புரோஜெஸ்டரோன் இங்கும் சுற்றுவழியில்தான் வருகிறது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, அது மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியின் செல்களில் ஆர்.ஏ.என்.கே. என்ற ஏற்பி வழியாக வேலை செய்து, அங்கே உருவாகும் ஒழுங்குபடுத்தும் டி செல்களைக் கூட்டுகிறது. அவற்றில் ஒரு பகுதி நஞ்சுக்கொடியைச் சென்றடைகிறது. அந்த ஏற்பியைத் தைமஸில் நீக்கிய எலிகளில் கருச்சிதைவு கூடியது. கர்ப்பகால நீரிழிவை ஒத்த மாற்றங்களும் வந்தன.

நேரடி வழி அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நஞ்சுக்கொடி தானே புரோஜெஸ்டரோனைச் சுரக்கத் தொடங்கிய பின், அதை ஒட்டிய இடத்தில் செறிவு மிக உயர்கிறது. அவ்வளவு செறிவில் புரோஜெஸ்டரோன் தனக்குரிய ஏற்பி இல்லாத டி செல்லிலும் குளுக்கோகார்டிகாய்டு ஏற்பியைப் பற்றிக்கொண்டு வேலை செய்ய முடியும். ஏறக்குறைய ஸ்டீராய்டு மருந்து போல. ஆனால் இது நஞ்சுக்கொடியின் அருகில் நடப்பது. மாத்திரை விழுங்கி இரத்தத்தில் எட்டும் அளவை வைத்து அதை எதிர்பார்ப்பதற்கில்லை.

டெண்ட்ரிட்டிக் செல்களைப் பற்றி ஒரு வார்த்தை. கருவை அந்நியன் என்று காட்டிக்கொடுக்கக்கூடியவை இவை என்பதால், இல்லாதிருப்பதே நல்லது என்று தோன்றும். 2008-ல் எலிகளின் கருப்பையிலிருந்து இவற்றை நீக்கிப் பார்த்தார்கள். கரு பதிவதே நின்றுபோனது, டெசிடுவா சரியாக உருவாகவில்லை. தந்தையும் தாயும் மரபணுவில் ஒரே மாதிரி இருந்த இணைகளிலும் அதே கதிதான். நிராகரிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. திசுவைக் கட்டவே எதிர்ப்புச் செல்கள் தேவைப்படுகின்றன.

புரோஜெஸ்டரோன் விலகும்போது

கரு பதியவில்லை என்றால் காட்சி சில மணி நேரங்களில் மாறத் தொடங்குகிறது. புரோஜெஸ்டரோன் இருந்தவரை ஸ்ட்ரோமா செல்களில் அழற்சி மரபணுக்களுக்கு ஒரு பூட்டு இருந்தது. அது சரிந்ததும் என்.எஃப்-கப்பா-பி என்ற சுவிட்ச் இயங்குகிறது, ஐ.எல்-8 சுரக்கிறது, காக்ஸ்-2 நொதி புரோஸ்டாகிளாண்டின்களை உருவாக்குகிறது. மாதவிடாய் வலிக்கு மருத்துவர்கள் தரும் வலிநிவாரணிகள் தடுப்பது இந்தக் காக்ஸ் நொதிகளைத்தான். அதுவரை கருப்பை உட்சுவரில் ஏறக்குறைய இல்லாதிருந்த நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் ஐ.எல்-8 இழுத்த இழுப்பில் வந்து குவிகின்றன. பெருவிழுங்கிகளான மேக்ரோபேஜ்களும் கூடுகின்றன. அவையும் ஸ்ட்ரோமாவும் சுரக்கும் நொதிகள் திசுவின் இழைகளை அறுக்கின்றன. என்.கே. செல்கள் அதற்கு முன்பே மடியத் தொடங்கியிருக்கும்.

தொடக்கத்தில் ஓரளவு மீட்சிக்கு வழியுண்டு. குரங்குகளிலும் செல் வளர்ப்புகளிலும் நடந்த சோதனைகளில், புரோஜெஸ்டரோன் விலகிய பின் குறுகிய காலத்துக்குள் அதைத் திரும்பக் கொடுத்தால் சரிவு நிற்கிறது. வெள்ளை அணுக்கள் வந்து குவிந்துவிட்ட பிறகு கொடுத்துப் பயனில்லை. ஹார்மோன் தொடங்கிவைத்ததை எதிர்ப்புச் செல்கள் கையில் எடுத்துக்கொண்டுவிடும். அதன்பின் ஹார்மோனுக்கு அங்கே அதிகாரம் இல்லை.

மாதவிடாயை ஓர் அழற்சி நிகழ்வாகப் பார்க்க வேண்டும் என்று 1980-களில் காலின் ஃபின் எழுதினார். அதற்கு முன் இரத்தக் குழாய்ச் சுருக்கமே முழு விளக்கமாகக் கருதப்பட்டது. 1940-ல் ஜான் மார்க்கி ரீசஸ் குரங்குகளின் கருப்பைத் திசுவை அவற்றின் கண்ணின் முன்னறையில் பதியவைத்து, கண்ணாடி போன்ற கருவிழி வழியாக மாதவிடாயை நேரிலேயே பார்த்துப் பதிவு செய்திருந்தார். (இன்று எந்த அறநெறிக் குழுவும் எளிதில் அனுமதிக்காத சோதனை.) இரத்தக் குழாய்கள் சுருங்குவதை அவர் கண்டது உண்மை, செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதைக் காணும் வசதி அவருக்கு இல்லை.

பழுது நீங்குவது இன்னும் வியப்பானது. உதிர்வு ஓரிடத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதிய மேல்தோல் படரத் தொடங்கிவிடுகிறது. அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. தொடக்கப் பழுதுபார்ப்புக்கு அது தேவைப்படுவதும் இல்லை. மேக்ரோபேஜ்கள் சிதைவை அள்ளி, வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. ஒரு பெண்ணின் வாழ்நாளில் சுமார் 400 முறை இப்படிக் காயம் பட்டும் கருப்பையில் வடு விழுவதில்லை. பெரியவர்களின் உடலில் இப்படிப்பட்ட திசு வேறு அதிகம் இல்லை.

பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மாதவிடாய் கிடையாது. மனிதர்கள், உயர்வகைக் குரங்குகள், சில வௌவால்கள், யானை மூஞ்சூறு, 2016-ல் இப்பட்டியலில் சேர்ந்த, முள் போன்ற மயிர் கொண்ட ஒரு சுண்டெலி வகை ஆகியவற்றில்தான் அது காணப்படுகிறது. ஆய்வகத்தின் சாதாரண எலியில், கரு வந்து தொட்ட பிறகே ஸ்ட்ரோமா டெசிடுவாவாக மாறும். நம்மிலோ கரு வந்தாலும் வராவிட்டாலும் புரோஜெஸ்டரோன் கண்டதும் மாறிவிடுகிறது; மாறிய திசு பழைய நிலைக்குத் திரும்பாது, உதிர்ந்தே ஆக வேண்டும். எலிகளில் கிடைத்த முடிவுகளை மனிதருக்குப் பொருத்தும்போது நிதானம் வேண்டும் என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

கிருமிகளுக்கும் இடம் உண்டு

கருப்பை முழுக்க மூடிய அறை அல்ல. விந்தணுக்கள் வர வழி இருந்தால் கிருமிகளுக்கும் வழி உண்டு. கருப்பையின் மேல்தோல் செல்கள் ஈஸ்ட்ராடையால் தூண்டலில் கிருமி கொல்லும் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கின்றன. கருமுட்டை வெளியேறிய பின், கொல்லும் டி செல்களின் தாக்குதல் திறன் கருப்பையில் தணிகிறது. அந்நாட்களில் அடி அடுக்கில் ஒரு விசித்திர அமைப்பு பெரிதாகிறது: நடுவில் பி செல்கள், சுற்றிலும் டி செல்கள், வெளியே மேக்ரோபேஜ்கள் என்று திரண்ட கொத்துகள். மாதவிடாய் நின்ற பெண்களில் இந்தக் கொத்துகள் இல்லை. அவர்களுடைய கருப்பை டி செல்கள் மாதம் முழுக்கத் தாக்கும் திறனோடு இருக்கின்றன.

இந்த அவதானிப்புகளைச் செய்த அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த சார்லஸ் வீராவும் சகாக்களும், கருமுட்டை வெளியேறியதற்கு 7 முதல் 10 நாள் பிந்தைய காலத்தை எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளுக்கான பலவீன வாசல் என்று முன்மொழிந்தார்கள். திசு அளவில் தர்க்கம் வலுவானது. கரு பதியும் நாட்களும் அவைதான் என்பதால், இந்தத் தணிவு கருவுக்காக ஏற்பட்டிருக்கலாம் என்ற ஊகமும் பொருந்துகிறது.

மருத்துவ அறைக்குள்

எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயில் கருப்பை உட்சுவரைப் போன்ற திசு வெளியே, வயிற்றறைச் சவ்விலும் சினைப்பையிலும் வளர்கிறது. இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேரை, உலகளவில் ஏறக்குறைய 19 கோடிப் பேரை இது பாதிக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஹார்மோனும் எதிர்ப்புச் செல்லும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதை இங்கே பார்க்கலாம். அந்தத் திசு தானே ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. அதனால் புரோஸ்டாகிளாண்டின் கூடுகிறது, புரோஸ்டாகிளாண்டின் மேலும் ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பைத் தூண்டுகிறது. சுத்தம் செய்ய வந்த மேக்ரோபேஜ்கள் அங்கேயே தங்கி இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் வளர்க்கின்றன. தீராத வலிக்கு அது ஒரு காரணம். வயிற்றறைத் திரவத்தில் உள்ள என்.கே. செல்களின் கொல்லும் திறன் குறைகிறது. புரோஜெஸ்டரோன் வந்து அழற்சியைப் பூட்ட வேண்டிய இடத்தில், ஏற்பிகள் குறைந்துபோயிருப்பதால் அதன் குரல் எடுபடுவதில்லை. புரோஜெஸ்டரோன் வகை மருந்துகள் சிலருக்குப் பயன் தராமல் போவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அடுத்தது தொடர் கருச்சிதைவு. இங்கேதான் அரைகுறை விளக்கங்கள் அதிகப் பணமாக மாறுகின்றன. "உங்கள் இரத்தத்தில் என்.கே. செல்கள் அதிகம், அவை கருவைக் கொல்கின்றன" என்று சொல்லப்பட்ட பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பின்னாலேயே ஸ்டீராய்டு வரும், அல்லது இன்ட்ராலிப்பிட் என்ற சோயா எண்ணெய்க் கலவை நரம்பில் ஏற்றப்படும். மேலே சொன்னவற்றைப் படித்தவருக்கு இதில் இருக்கும் ஓட்டை புரியும்: கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் இருப்பவை வேறு வகைச் செல்கள், அவற்றின் எண்ணிக்கை கருப்பையில் நடப்பதைச் சொல்லாது, கருப்பையில் இருப்பவை கருவைக் கொல்கின்றன என்பதற்கும் சான்று இல்லை. பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சை ஒழுங்குமுறை ஆணையமான எச்.எஃப்.ஈ.ஏ. இந்த எதிர்ப்புச் சக்திப் பரிசோதனைகளும் சிகிச்சைகளும் பயன் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எச்சரித்திருக்கிறது. நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தைச் சான்றில்லாமல் கர்ப்பத்தின் முதல் வாரங்களில் கொடுப்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

புரோஜெஸ்டரோனையே மருந்தாகக் கொடுத்தால்? இதற்கு நல்ல சோதனைகள் உண்டு. காரணம் தெரியாத தொடர் கருச்சிதைவு கண்ட 836 பெண்களிடம் நடந்த பிராமிஸ் ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது: புரோஜெஸ்டரோன் பெற்றவர்களில் 65.8 சதவீதம் பேருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 63.3 சதவீதம் பேருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்ட 4,153 பெண்களிடம் நடந்த பிரிஸம் ஆய்வு 2019-ல் வெளியானது. உயிருள்ள குழந்தை பெற்றவர்கள் மொத்தத்தில் புரோஜெஸ்டரோன் குழுவில் 75 சதவீதம், வெற்று மருந்துக் குழுவில் 72 சதவீதம் என்ற சிறு வேறுபாடு, அதுவும் புள்ளியியல் அளவில் உறுதியாகவில்லை. ஆனால் முன்பு மூன்று அல்லது அதற்கு மேல் கருச்சிதைவு கண்டு, இம்முறை இரத்தப்போக்கும் இருந்தவர்களில் 72-க்கு 57 என்று இடைவெளி விரிந்தது. இதைத் தொடர்ந்து 2021-ல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, முன்பு ஒருமுறையாவது கருச்சிதைவு கண்டு இப்போது இரத்தப்போக்கு உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டரோனைப் பரிந்துரைத்தது. எல்லோருக்கும் அல்ல. அந்தக் குறிப்பிட்ட குழுவுக்கு ஏன் உதவுகிறது, எதிர்ப்புச் செல்கள் வழியாகவா என்பதை இந்தச் சோதனைகள் ஆராயவில்லை.

ஆய்வில் உள்ள தடைகளும் எளியவை அல்ல. கரு பதியும் நாளில் ஒரு பெண்ணின் கருப்பையை உள்ளிருந்து பார்க்க வழியில்லை. கிடைப்பவை கருக்கலைப்பின்போது பெறும் திசு, அறுவையில் நீக்கிய கருப்பை, சிறு துணுக்குகள் ஆகியவையே. 2018-ல் ரோசர் வென்டோ-டோர்மோ உள்ளிட்ட குழு, முதல் மூன்று மாதத் திசுவில் சுமார் 70,000 செல்களை ஒவ்வொன்றாகப் படித்து, கருப்பையின் என்.கே. செல்களிலேயே மூன்று உட்பிரிவுகள் இருப்பதைக் காட்டியது. அதுவரை ஒரே பெயரில் எண்ணப்பட்டவை ஒரே செல்கள் அல்ல என்பதால், பழைய ஆய்வுகள் தந்த எண்ணிக்கைகளை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை என்றதும் இன்னொன்று. கருப்பைத் துணுக்கில் என்.கே. செல்களை எண்ணித் தரும் பரிசோதனைகளும் சில இடங்களில் நடக்கின்றன. இரத்தப் பரிசோதனையைவிட இது பொருத்தமானதுதான். ஆனால் கருமுட்டை வெளியேறிய பின் வரும் நாட்களில் இந்த எண்ணிக்கை வேகமாக ஏறிக்கொண்டே போகிறது. ஆறாம் நாளில் 'அதிகம்' எனத் தோன்றும் அளவு பத்தாம் நாளில் மிகச் சாதாரணமானது. இதனால் வார்விக் குழு, கருமுட்டை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் உச்சத்தைத் தொட்ட நாளிலிருந்து கணக்கிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி அளவுகோலில் வைத்தே இந்த எண்ணிக்கையை மதிப்பிடுகிறது. எல்.எச். தேதி குறிக்கப்படாத அறிக்கை ஒருவர் கையில் இருந்தால், சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்தத் தேதி என்ன என்பதுதான்.